அறிவியலுக்கு ஒரு கலிமா உண்டா?

 



கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டத்தில் சாமல்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. சேலத்திற்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ரயிலில் செல்வோர் அதன் நிலையப் பலகையைக் கண்டிருக்கலாம். அவ்வூரின் பெயர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் நிலவியல் ஆய்வுகளிலும் இடம்பெற்றிருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். காரணம், அப்பகுதியின் பாறைகள். பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலெழுந்து உறைந்த ‘கார்பனடைட்’ என்னும் அரிய பாறை அங்கே கிடைக்கிறது. அதனோடு சயனைட், பைராக்சனைட் போன்ற வேறு பாறைகளும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. வெளிர் நிறம் ஒன்று, செந்நிறம் கலந்தது ஒன்று, கருநிறம் ஒன்று எனப் பார்ப்பவர் வியக்கும் வண்ணம் அவை அமைந்துள்ளன.

திருக்குர்ஆனின் ஃபாத்திர் அத்தியாயத்தில் 27ஆம் வசனம், மலைகளில் வெண்மையும் செம்மையும் அடர்ந்த கருமையும் உடைய பாதைகள் இருப்பதைச் சுட்டிக் காட்டுகிறது. அடுத்த வசனத்திலேயே, அடியார்களில் அறிவுடையோரே அல்லாஹ்வை அஞ்சுகின்றனர் எனும் கருத்தை அருளுகிறான் இறைவன். பாறையின் நிறத்தைப் பற்றிய பேச்சும் இறையச்சத்தைப் பற்றிய பேச்சும் இப்படி அருகருகே வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. பாறையை ஆராய்பவன் இறைவனுக்கு எதிரியாகிவிட வேண்டும் என்பது குர்ஆனின் பார்வை அல்ல. பாறையை ஆராய்ந்த மாத்திரத்தில் அவன் இறைநேசனாகிவிடுவான் என்பதும் அதன் பொருளல்ல.

இதை ஏன் இப்போது எழுத வேண்டும்? ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை இன்று தொழிற்சாலைகளும் பொறியியல் கல்லூரிகளும் பெருகியிருக்கின்றன. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் அவற்றில் படிக்கிறார்கள், பணிபுரிகிறார்கள். அவர்களின் வாயிலாக இரண்டு பேச்சுகள் நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. “அறிவியல்தான் என் மதம், வேறு மதம் எனக்குத் தேவையில்லை” என்பது ஒன்று. “அறிவியலும் ஒரு மதம்தானே! அவர்களுக்கு அவர்கள் நம்பிக்கை, நமக்கு நம் நம்பிக்கை” என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் மார்க்கத்தைக் கைகழுவுகிறார். இரண்டாவதைச் சொல்பவர் மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு கண்ணெதிரே தெரியும் உண்மைகளைக் கைகழுவுகிறார். ஆனால் இருவரும் ஒரே கருத்தின் மீதுதான் நிற்கிறார்கள்: அறிவியல் ஒரு மதம் என்பது. அக்கருத்து சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு பார்ப்போம்.

மதம் என்பதன் அளவுகோல்

தை கோத்திரத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன்னர் கிறித்தவராக இருந்தவர்கள். வேதக்காரர்கள் தங்கள் அறிஞர்களையும் துறவிகளையும் அல்லாஹ்வையன்றி இரட்சகர்களாக ஆக்கிக்கொண்டனர் என்ற பொருளுடைய வசனத்தை (9:31) அவர்கள் செவியுற்றபோது, நாங்கள் அவர்களை வணங்கவில்லையே என்று வியப்போடு கேட்டார்கள். அதற்கு நபி (ஸல்) அவர்கள் தந்த விளக்கத்தின் கருத்து இதுதான்: அவர்கள் ஆகுமாக்கியதை நீங்கள் ஹலாலாகவும், அவர்கள் தடுத்ததை ஹராமாகவும் ஏற்றுக்கொண்டீர்கள் அல்லவா? அதுவே அவர்களை வணங்கியதாகும். இச்செய்தி திர்மிதியில் இடம்பெற்றுள்ளது.

எவ்வளவு நுட்பமான அளவுகோல்! சிலை இருக்கிறதா, கோபுரம் இருக்கிறதா என்பது இங்கே கேள்வியல்ல. எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்லும் இறுதி அதிகாரத்தை நீ யாருக்குக் கொடுத்தாய்? எவருடைய சொல்லுக்கு நீ கேள்வியின்றிப் பணிகிறாய்? அதுவே உன் மதம்.

இந்த அளவுகோலை அறிவியலின் மீது வைத்துப் பார்ப்போம். நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று அறிவியல் சொல்லும். அந்தக் கொதிநீரை ஏழையின் தேநீருக்குப் பயன்படுத்துவதா, எதிரியின் முகத்தில் ஊற்றுவதா என்று அது சொல்லாது. அணுவைப் பிளக்கும் வழியை அது கண்டுபிடித்தது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அதைப் போடலாமா என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். மேலும், தன் சொல்லுக்குக் கேள்வியின்றிப் பணியுமாறு உண்மையான அறிவியல் எவரையும் கேட்பதில்லை. என்னைச் சோதித்துப் பார், தவறென்றால் திருத்து என்பதே அதன் வழக்கம். ஆகவே அறிவியலுக்கு ஹலால் ஹராம் என்ற தீர்ப்பும் இல்லை. கேள்வியற்ற பணிவும் இல்லை. அது மதமாகாது.

ஆயினும் அதை மதமாக்க முயன்றவர்கள் உண்டு.

பிரான்சில் எழுந்த புதிய மதம்

ஆகஸ்ட் காம்ட் (1798 - 1857) என்பவர் பிரான்சு நாட்டுச் சிந்தனையாளர். மனித அறிவு முதலில் இறைநம்பிக்கையிலும், பின்னர் தத்துவத்திலும், இறுதியாக அறிவியலிலும் வந்து முதிர்கிறது என்று வாதிட்டவர். இறைநம்பிக்கையின் காலம் முடிந்தது என்று அறிவித்த இவரே, தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ‘மனிதகுல மதம்’ என்ற ஒன்றைத் தோற்றுவித்தார். 1849இல் அதற்கென ஒரு நாட்காட்டி வகுத்தார். 28 நாட்கள் கொண்ட 13 மாதங்கள். அரிஸ்டாட்டில், ஆர்க்கிமிடீஸ், கூட்டன்பர்க் போன்றோரின் பெயர்கள் அம்மாதங்களுக்கு. 1852இல் வினாவிடை வடிவில் ஒரு வேதபாட நூலையும் வெளியிட்டார். நாள்தோறும் மூன்று வேளை வழிபாடு, ஒன்பது சடங்குகள், குருமார்கள் என எல்லாம் விதிக்கப்பட்டன. மனிதகுலத்தின் தலைமைக் குருவாகத் தம்மையே அவர் அறிவித்துக்கொண்டார்.

பிரேசில் நாட்டின் கொடியில் 1889 முதல் பொறிக்கப்பட்டிருக்கும் ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ என்ற சொற்கள் இவரது கொள்கையிலிருந்து வந்தவையே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் கற்றோர் சிலரிடத்திலும் இக்கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆனால் மதம் என்ற வகையில் அது நிலைக்கவில்லை.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. இறைவனை அகற்றிவிட்டு அறிவியலை அரியணையில் ஏற்றியவருக்கும் தொழுகை தேவைப்பட்டது, நாட்காட்டி தேவைப்பட்டது, பின்பற்றுவதற்கு முன்மாதிரிகள் தேவைப்பட்டன. அவற்றை அறிவியலிடமிருந்து அவரால் பெற முடியவில்லை. தாம் துறந்து வந்த திருச்சபையிடமிருந்துதான் கடன் வாங்கினார். மனிதனின் ஃபித்ரத், அதாவது இயற்கையான படைப்புத் தன்மை, ஸுஜூதுக்கு ஓரிடத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

கையெழுத்துக் கேட்ட படிவம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1964ஆம் ஆண்டு ஜனவரியில், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதற்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. உயிரியல் அறிஞர் புஷ்ப மித்ர பார்கவா, பின்னாளில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக விளங்கிய சதீஷ் தவான், அறிவியல் வரலாற்றாளர் அப்துர் ரஹ்மான் ஆகிய மூவரும் அதைத் தொடங்கியதாகப் பார்கவா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அதில் சேர விரும்புவோர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அறிவு என்பது மனித முயற்சியால் மட்டுமே பெறப்படும், இறையறிவிப்பால் அல்ல; மனிதன் தன் பிரச்சினைகள் அனைத்தையும் இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களை நாடாமலேயே சந்திக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வாசகர்களே, இதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கும் வாக்கியம் இது. நாம் ஒருவரை இஸ்லாத்திற்குள் வரவேற்கும்போது கலிமா சொல்லச் சொல்கிறோம் அல்லவா? அதிலும் மறுப்பு ஒன்று உண்டு, ஏற்பு ஒன்று உண்டு. அறிவியலின் பெயரால் எழுதப்பட்ட ஒரு கலிமா என்றே இந்தப் படிவத்தைக் கூறலாம்.

பின்னர் நடந்தது என்ன? தாங்கள் அணுகிய விஞ்ஞானிகளில் மிகப் பலர் அதில் கையெழுத்திட மறுத்துவிட்டதாகப் பார்கவாவே எழுதினார். அவர் அதைக் குறையாகவும் வருத்தமாகவும் கண்டார். விஞ்ஞானிகளிடமே அறிவியல் மனப்பான்மை இல்லை என்பது அவர் எடுத்த முடிவு. நாம் அதே நிகழ்வை வேறு விதமாகப் பார்க்கலாம். கையெழுத்திட மறுத்தவர்கள் மறுநாள் தத்தம் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று வழக்கம்போல் வேலை செய்தார்கள். அவர்களுடைய தராசு தவறாக நிறுக்கவில்லை, நுண்ணோக்கி மங்கிவிடவில்லை. கலிமாவை மறுப்பவர் முஸ்லிமாக இருக்க முடியாது. இந்தப் படிவத்தை மறுத்தவரோ விஞ்ஞானியாகவே தொடர முடிந்தது. அறிவியல் ஒரு மதமாக இருந்தால் இது எப்படிச் சாத்தியம்?

இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று ஒன்றும் உண்டு. இராமேசுவரத்தில் தொழுகையைப் பேணிய ஒரு தந்தையின் மகனாகப் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், எஸ்.எல்.வி-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். அவருக்கு மேல் தலைவராக இருந்தவர் அதே சதீஷ் தவான். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவே காரணம் எனக் கண்டறிந்து சரிசெய்தார்கள். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் விண்ணில் நிலைகொண்டது. இறையறிவிப்பை மறுக்கும் உறுதிமொழிச் சங்கத்தைத் தொடங்கியவரும், குர்ஆனை ஓதி வளர்ந்தவரும் ஒரே ராக்கெட்டைச் செலுத்தினார்கள். ராக்கெட் இருவரின் கலிமாவையும் கேட்கவில்லை. கசிவு அடைபட்டதா என்று மட்டுமே கேட்டது.

1976: சட்டமும் கத்தியும்

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று நம் அரசியல் சட்டம் 51ஏ பிரிவில் கூறுகிறது. இது 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. கடமை நல்ல கடமைதான். ஆனால் எந்தக் காலத்தில் சேர்க்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. அது நெருக்கடி நிலைக் காலம். அதே 1976 - 77 ஆண்டில், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டின் பெயரால் நாடு முழுவதும் செய்யப்பட்ட கருத்தடை அறுவைகளின் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டியது. அரியானாவில் மேவ் முஸ்லிம்கள் வாழும் உத்தாவர் என்ற கிராமத்தை 1976 நவம்பரில் காவல்துறையினர் சூழ்ந்துகொண்டு ஆண்களைப் பிடித்துச் சென்றனர். அறுவைகளோடு தொடர்புடைய 1,700க்கும் மேற்பட்ட மரணங்கள் பற்றிய புகார்களைப் பின்னர் ஷா கமிஷன் பதிவு செய்தது.

இந்தக் கொடுமையை அறிவியல் செய்ததா? இல்லை, அதிகாரம் செய்தது. அறுவை செய்யும் முறையை மட்டுமே அறிவியல் அறியும். ஆனால் வளர்ச்சி, நிபுணர் கருத்து, மக்கள்தொகைக் கணக்கு என்ற சொற்களை முன்னால் நிறுத்தியபோது, கேள்வி கேட்டவன் பிற்போக்குவாதியாகப் பார்க்கப்பட்டான். மதத்தின் பெயரால் கொடுமை செய்தவர்களும் வரலாற்றில் இதே வழியைத்தான் கையாண்டார்கள். தமிழில் மதம் என்ற சொல்லுக்குக் கொள்கை என்றும் பொருள் உண்டு. யானைக்குப் பிடிக்கும் வெறி என்றும் பொருள் உண்டு. அறிவியல் முதற்பொருளில் மதமல்ல. அதை ஏந்தியவர்களுக்கு இரண்டாம் பொருளில் மதம் பிடிக்கக்கூடும். அது எவருக்கும் பிடிக்கக்கூடியதே.

குன்னூரில் நடந்த விவாதம்

இந்த வரலாற்றின் அடுத்த கட்டம் நம் தமிழகத்து மலையிலேயே நடந்தது. 1980 அக்டோபரில், நேரு மையத்தின் ஏற்பாட்டில் அறிஞர்கள் குழு ஒன்று நீலகிரியில் உள்ள குன்னூரில் கூடி விவாதித்தது. அதன் விளைவாக, ‘அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கை’ 1981 ஜூலையில் பம்பாயில் வெளியிடப்பட்டது. பி.என். ஹக்ஸர், ராஜா ராமண்ணா, பார்கவா ஆகியோர் அதில் முன்னணியில் இருந்தனர். நாட்டில் மூடநம்பிக்கை வளர்கிறது, பகுத்தறிவு பின்வாங்குகிறது என்று அவ்வறிக்கை கவலைப்பட்டது. அறிவியல் உலகப் பொதுவானது, மதங்களோ பிளவுபடுத்துபவை என்ற கருத்தும் அதில் இடம்பெற்றது.

அதே ஆண்டிலேயே சமூகவியல் சிந்தனையாளர் ஆஷிஸ் நந்தி, மனிதநேய மனப்பான்மையை முன்வைத்து ஒரு மறுப்பறிக்கை எழுதினார். அறிவியலும் அதிகாரத்தோடு கைகோத்து மனிதர்களை ஒடுக்கியிருக்கிறது, அதையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். விவாதம் சூடுபிடித்தது. இரு தரப்பிலும் கற்றறிந்தவர்கள் இருந்தார்கள்.

மதங்கள் பிளவுபடுத்துகின்றன என்ற குற்றச்சாட்டைக் கேட்டு நமக்குக் கோபம் வரலாம். கோபப்படுவதற்கு முன், நம் ஊர்களில் பெருநாள் கொண்டாடப்படும் விதத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே தெருவில் ஒருவர் நோன்பு நோற்றிருக்க, மற்றவர் பெருநாள் தொழுகை முடித்துவிட்டு வருகிறார். தமிழகத்தில் பெருநாள் இரண்டு நாட்களிலும், சில ஆண்டுகளில் மூன்று நாட்களிலும் வருவதை நாம் காண்கிறோம். பிறை பற்றிய கருத்து வேறுபாடு ஃபிக்ஹு நூல்களில் முன்பிருந்தே உள்ளதுதான். அந்த வேறுபாட்டை ஸலாம் சொல்லாத பகையாக வளர்த்தது மார்க்கம் அல்ல, நாம். நம்மைப் பார்த்து நம் மார்க்கத்தை எடைபோடுகிறவர்களின் மீது மட்டும் குறை சொல்வது நீதியாகாது.

இமாம் கஸ்ஸாலி சுட்டிய இரண்டு ஆபத்துகள்

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் தொட்டுக் காட்டிய பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு: ஹிஜ்ரி 505, கி.பி. 1111). ‘அல்முன்கித் மினழ் ழலால்’ என்ற தம் நூலில், கணிதத்தினால் இரண்டு ஆபத்துகள் விளையலாம் என்று அவர்கள் எச்சரிக்கிறார்கள். கணிதத்தில் அல்ல குறை. அதை அணுகும் மனிதர்களிடத்தில்.

முதல் ஆபத்து, வியந்து மயங்குபவரால் வருவது. கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு வியந்தவர், கணித வல்லுநர்கள் மற்ற விஷயங்களில் சொல்வதும் அதே போல் துல்லியமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார். அவர்கள் மார்க்கத்தை மறுத்தால் தாமும் மறுக்கிறார். ஒரு துறையில் தேர்ந்தவர் எல்லாத் துறையிலும் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை என்பதை அவர் மறந்துவிடுகிறார். ‘அறிவியல்தான் என் மதம்’ என்று சொல்லும் இளைஞர் இவரே.

இரண்டாம் ஆபத்து, இஸ்லாத்தின் அறியாமை மிக்க நண்பரால் வருவது. அந்த அறிவுகள் அனைத்தையும் மறுப்பதே மார்க்கத்திற்குச் செய்யும் உதவி என்று அவர் எண்ணுகிறார். கிரகணம் பற்றிய கணக்கைக்கூட மார்க்கத்திற்கு முரணானது என்கிறார். ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்ற நூலின் முன்னுரையிலும் இமாம் அவர்கள் இதை விளக்குகிறார்கள். கிரகணக் கணக்கை ஆதாரத்தோடு கற்றவனிடம் இது மார்க்கத்திற்கு எதிரானது என்று சொன்னால், அவன் கணக்கைச் சந்தேகிக்கமாட்டான். மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான் என்பது அவர்கள் தரும் எச்சரிக்கை. மார்க்கத்தைத் தாக்குபவன் செய்யும் தீங்கைவிட, தவறான வழியில் அதற்குத் துணை நிற்பவன் செய்யும் தீங்கு பெரிது என்பது அவர்களின் கருத்து.

இந்த இரண்டாம் ஆபத்தின் விலையை நம் சமுதாயம் கண்ணால் கண்டது. போலியோ சொட்டு மருந்து வழங்கப்பட்ட காலத்தில், அது ஆண்மையை அழிக்கும் சதி என்ற வதந்தி மேற்கு உத்தரப்பிரதேசத்தில் நம் மக்களிடையே பரவியது. கதவுகள் அடைக்கப்பட்டன. நோயால் கால் சூம்பிய குழந்தைகளில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளின் பங்கு அதிகமாக இருந்தது. 1976இன் கத்தியை மறவாத மக்களுக்கு அரசு ஊழியர் கொண்டுவரும் மருந்தின் மீது ஐயம் எழுந்ததில் வியப்பில்லை என்றும் சொல்லலாம். ஆனால் ஐயத்திற்கு மருந்து விசாரித்து அறிவதே, கதவை அடைப்பதல்ல. பின்னர் உலமாக்கள் மிம்பரிலிருந்தே சொட்டு மருந்தை ஆதரித்துப் பேசினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் இப்பணியில் பங்கேற்றன. 2009இல் இந்தியாவில் 741 பேரைத் தாக்கிய போலியோ, 2010இல் 42 பேராகக் குறைந்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தையோடு அது நின்றது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டோம், அல்ஹம்துலில்லாஹ்!

“அவர்களுக்கு அவர்கள் நம்பிக்கை, நமக்கு நம் நம்பிக்கை” என்று மருந்தைப் பற்றிப் பேசலாகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கிருமி, குழந்தையின் தந்தை எந்த மதம் என்று கேட்டுவிட்டு வருவதில்லை.

பேரீச்சந்தோட்டமும் கிரகணமும்

அப்படியென்றால் அறிவியலுக்கு மார்க்கத்தில் என்ன இடம்? அதை அண்ணலார் (ஸல்) அவர்களே நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

மதீனாவின் தோட்டக்காரர்கள் ஆண் பேரீச்சையின் பாளையைப் பெண் மரத்தில் சேர்த்து மகரந்தச் சேர்க்கை செய்வது வழக்கம். அதனால் பயன் இருக்கும் என்று தாம் எண்ணவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கூற, அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியபோது, தாம் சொன்னது ஒரு கருத்து மட்டுமே என்றும், அல்லாஹ்வைப் பற்றித் தாம் அறிவிப்பதையே பற்றிக்கொள்ள வேண்டும் என்றும், உலகக் காரியங்களை அவர்களே நன்கறிந்தவர்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பல அறிவிப்புகளில் இது பதிவாகியுள்ளது. மகரந்தத்தைப் பற்றிய அறிவை வஹ்யிக்குப் போட்டியாக அவர்கள் கருதவில்லை. தோட்டக்காரனின் அனுபவத்திற்கு உரிய இடத்தை, உலகமே பணிந்து கேட்கும் தம் வாயாலேயே வழங்கினார்கள்.

அடுத்து கிரகணத்தைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்று கணிக்கப்படுகிறது. நபியின் மகனுக்காகச் சூரியனும் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தம் புகழை நாடும் ஒருவருக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்குமா? மௌனமாக இருந்திருந்தாலே போதும். ஆனால் மகனை இழந்த துயரத்திலும் அவர்கள் அந்தப் பேச்சை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். மூடநம்பிக்கையை அகற்றியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மக்களைத் திரட்டி நீண்ட நேரம் தொழுதார்கள் (புகாரி).

இந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே பள்ளிவாசலில் நடந்தன. பொய்யான காரணத்தை மறுத்த அதே நாவு தக்பீர் சொன்னது. நமக்கு இது போதுமான வழிகாட்டல்.

இந்தியாவுக்கு வந்து இந்நாட்டின் அறிவைக் கற்ற அல்பீரூனி (ரஹ்) அவர்கள், இந்திய வானியலாரின் கிரகணக் கணக்கைப் பாராட்டினார்கள். உண்மைக் காரணத்தை அறிந்திருந்தும் பிரம்மகுப்தர் மக்கள் நம்பிக்கைக்கு இசைந்து எழுதியதைக் கண்டு வருந்தவும் செய்தார்கள். அறிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. அந்த மரபு நம்மிடம் அற்றுப்போய்விடவில்லை. ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் 1901இல் தொடங்கி, பின்னர் நிஜாம் அரசு ஏற்று நடத்திய நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவரின் மகன்தான் வைணு பாப்பு. சாமல்பட்டிக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் தொலைநோக்கி நிலையத்தை உருவாக்கியவர் அவர். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10 அன்று கண்டுணர்த்திய ஆய்வுகளில் காவலூருக்கும் பங்குண்டு.

2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் பல மாவட்டங்களில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. எந்த ஊரில் எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் தொடங்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடப்பட்டிருந்தது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகைக்கு நேரம் அறிவித்தோம். நேரத்தை அறிவியல் சொன்னது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மார்க்கம் சொன்னது. இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

அன்பு வாசகர்களே! மூன்று விஷயங்களை மனத்தில் இருத்துவோம்.

முதலாவதாக, கேள்வியோடு வரும் பிள்ளையை விரட்டாதீர்கள். பரிணாமம் பற்றியோ பூமியின் வயது பற்றியோ மகன் கேட்டால், ‘இப்படிப் பேசினால் ஈமான் போய்விடும்’ என்று வாயை அடைப்பது அறியாமை மிக்க நண்பரின் வேலை. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஆலிமிடமும், அத்துறை கற்றவரிடமும் சேர்ந்து கேளுங்கள். விரட்டப்பட்ட பிள்ளை கேள்வியை விடமாட்டான், நம்மை விட்டுவிடுவான்.

இரண்டாவதாக, குர்ஆனை அறிவியல் பாடநூலாக்காதீர்கள். ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பு வந்தவுடன் ‘இது எங்கள் வேதத்தில் முன்பே இருக்கிறது’ என்று மேடையில் முழங்குவது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அறிவியலின் முடிவுகள் மாறக்கூடியவை. திருத்திக்கொள்வதே அதன் சிறப்பு. இன்றைய முடிவோடு வசனத்தைக் கட்டிவைத்தால், நாளை அம்முடிவு மாறும்போது வசனத்தை என்ன செய்வீர்கள்? மேலும், அறிவியல் சான்றிதழ் கொடுத்தால்தான் குர்ஆன் உண்மை என்பது போல் பேசுகிறவர், தம்மை அறியாமலேயே அறிவியலை இறுதி நீதிபதியாக ஆக்கிவிடுகிறார். அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அளவுகோல் இங்கே நம் மீதே திரும்புகிறது.

மூன்றாவதாக, அறிவியலின் ஆற்றலைக் கற்போம். அதன் பெயரால் வரும் ஆணவத்திற்குப் பணியமாட்டோம். ஓசூர் ஆலையில் இயந்திரத்தை இயக்கும் இளைஞருக்கு அளவுமானியின் துல்லியம் வேண்டும். அந்த இயந்திரத்தில் அகப்பட்டு விரலிழந்த தொழிலாளிக்கு உரிய ஈட்டுத்தொகையைக் கொடுக்க வேண்டும் என்ற நீதி அளவுமானியில் இல்லை. அது மீஸானை, மறுமைத் தராசை நம்பும் உள்ளத்தில் பிறக்க வேண்டும்.

அறிவியலுக்குக் கலிமா இல்லை. அதற்கு அது தேவையுமில்லை. நமக்கு ஒரு கலிமா இருக்கிறது. அந்தக் கலிமா, அல்லாஹ்வையன்றி எதன் முன்னும் நெற்றியைத் தாழ்த்தாதே என்கிறது. செல்வம், பதவி, இனம், நிபுணர், அறிவியல் ஆகிய எதன் முன்னும் தாழ்த்தாதே என்கிறது. அதே வேளையில், அவன் படைத்த பாறையையும் வானையும் கண் திறந்து பார் என்கிறது. பார்க்க மறுப்பவன் அவனுடைய அத்தாட்சிகளைப் புறக்கணிக்கிறான். பார்த்ததோடு நின்றுவிடுபவன் அத்தாட்சியை வைத்துக்கொண்டு உரியவனை மறக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் அறிவை எங்களுக்குப் பயன் தரும் அறிவாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையோடு செவிசாய்க்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! அறியாமையினால் மார்க்கத்திற்குத் தீங்கு செய்பவர்களாகவும், அறிவின் ஆணவத்தினால் உன்னை மறப்பவர்களாகவும் எங்களை ஆக்கிவிடாதே! பொருட்களின் உண்மை நிலையை எங்களுக்கு உள்ளபடி காட்டி, உன் பாதையில் எங்களை நிலைபெறச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.